இரைச்சலில் நடந்த பாட்டு வகுப்பு

எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும் என்று சொல்வார்கள். தப்பு. என் கோபம் வாயில் நிற்கும். 1976-ல் அந்த வாயால்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய அரவை மில்லில் என்ஜின் டிரைவர். என் மனைவி ஜீவமணி நாசரேத்துக்காரி, டவுனில் ஒரு மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சர். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அது எத்தனை கட்டை சுருதி என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு காது மந்தமாகிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் சுருதி விலகிப் பாடியும் டீச்சர் திருத்தவில்லை என்று பள்ளியில் புகார் போயிற்று. ஜூன் மாதம் முதல் பாட்டு வகுப்பை விட்டுவிட்டுத் தையல் வகுப்பு எடுக்கும்படி தாளாளர் எஸ்றா ஐயா சொல்லிவிட்டார். அன்று அவள் வீட்டுக்கு வந்து ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் நெஞ்சு கனத்துப் போனது.

அந்தப் பரிதாபம் ஒரு வாரம்தான் நின்றது. ஒரு சனிக்கிழமை எனக்குச் சோறு கொண்டு மில்லுக்கு வந்தாள். உள்ளே என்ஜின் அலறுகிறது, அரவை இயந்திரம் உப்பை நொறுக்குகிறது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு, மூட்டை தூக்கும் நல்லக்கண்ணுவிடம் மெல்லச் சொன்னேன்.

“வாரா பாரு மகராணி. மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவா. இவளுக்குப் பதிலா ஒரு உப்பு மூட்டையக் கெட்டியிருக்கலாம்.”

பத்தடி பின்னாலிருந்து பதில் வந்தது. “உப்பு மூட்டை சோறு பொங்கித் தராது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரகசியம் கேட்கிற காதுக்கு வீட்டில் நான் தண்ணீர் கேட்டால் மட்டும் கேட்காதா? நடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மூன்று நாள் அவளிடம் பேசவில்லை.

நாலாம் நாள் அவளே வந்தாள். “நீங்க நினைக்கது தெரியுது. எனக்கே புரியல. மில்லுல கேக்கு, பஸ்ஸுல கேக்கு. வகுப்புல பிள்ளையளுக்கு வாய் அசையுறதுதான் தெரியுது.” சொல்லிவிட்டு அழுதாள். அதையும் நான் நம்பவில்லை. அவள் நடிப்பதை டாக்டர் வாயால் சொல்லவைத்துவிடலாம் என்றுதான் அவளைக் காது டாக்டர் வேதமணியிடம் கூட்டிப்போனேன்.

“இவ நடிக்கா டாக்டர். அம்புட்டு இரைச்சல்ல நான் மெதுவாப் பேசுனது கேட்டிருக்கு.”

டாக்டர் கவட்டை மாதிரி இருந்த ஒரு இரும்பைத் தட்டி அவள் காதருகே பிடித்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி தட்டி, அதன் அடிப்பக்கத்தைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார். ஜீவமணியின் முகம் மாறியது.

“ஒரு கட்டை,” என்றாள். கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்து, “இல்ல, ஒரு கட்டைக்கு ஒரு இழை கம்மி” என்றாள்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “இவ்வளவு நுணுக்கமாச் சொல்லுதவங்களுக்குக் காது நரம்பும் மூளையும் நல்லாத்தான் இருக்கு. நடுக்காதுல அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒண்ணு அசையாம இறுகிப்போச்சு. பிள்ளைப்பேறுக்குப் பிறகு சிலருக்கு இது கூடும். மதுரையில ஆபரேஷன் இருக்கு, பத்துல எட்டுப் பேருக்குச் சரியாகும்.”

“அப்ப மில்லுல மட்டும் எப்படிக் கேக்கு?”

“மில் இரைச்சல் இவங்களுக்கு உள்ள போறதில்ல. அதுக்கு மேல கத்துத மனுசக் குரல் போகுது.”

“நான் கத்தல டாக்டர். மெதுவாத்தான் சொன்னேன்.”

“நம்ம குரல் நமக்கே கேக்கலைன்னா மூளை நம்மளக் கேக்காமலே சத்தத்தக் கூட்டிரும். கூட வேலை பாக்குதவங்கள விசாரிச்சுப் பாருங்க.”

மறுநாள் நல்லக்கண்ணுவை விசாரித்தேன். அவன் சிரிப்பை அடக்கமுடியாமல் மூட்டையைக் கீழே போட்டான். “மெதுவாவா? அண்ணாச்சி, நீங்க உப்பு மூட்டைன்னது வெளிய உப்புப் பாத்தியில வேலை பாத்த பொம்பளையளுக்கெல்லாம் கேட்டுச்சு. அதுல ஒருத்தி, பேச்சித்தாய், உங்கள ஏசிக்கிட்டே இருந்தா.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியவனுக்கு அவள் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, சோற்றையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டுக்குப் போய் “தப்பு எம்மேலதான்” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறை தொண்டை கிழியச் சொன்னபோதுதான் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு ஆகஸ்டில்தான் நாள் கிடைத்தது. ஜூனில் தையல். நான் எஸ்றா ஐயா வீட்டுக்குப் போய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் மில்லுக்கு வந்து பார்க்கும்படி கெஞ்சினேன். வாழ்க்கையில் நான் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

வந்தார். இருபது பிள்ளைகள் உப்புக் குவியலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். நான் என்ஜினை முடுக்கினேன். பிள்ளைகள் தொண்டையைத் திறந்து பாடினார்கள். ஐயா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஜீவமணி கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பல்லவி பாதியில் சட்டென்று கையை உயர்த்தினாள்.

“கிருபை, நீ கீழ இறங்குத. பக்கத்துல நிக்கவளப் பாத்துப் பாடு.”

இரண்டாம் வரிசையில் ஒரு பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயா ஜீவமணியின் பக்கம் குனிந்து, “எனக்கு ஒண்ணுமே கேக்கலையேம்மா” என்று கத்தினார்.

“உங்களுக்கு மில்லு கேக்கு ஐயா. எனக்குப் பிள்ளையள் பாடுறது கேக்கு.”

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு, ஆகஸ்ட் வரை வாரம் ஒரு நாள் இங்கேயே வகுப்பை வைத்துக்கொள்ளலாம், தையலுக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். என் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று என்ஜினை நிறுத்தத் திரும்பினேன்.

“நிறுத்தாதிய,” என்றாள் ஜீவமணி. “இன்னும் ரெண்டு சரணம் இருக்கு.”