பூரான் வழக்கு

மாமனார் வீட்டில் அவனுக்குப் பெரிய மாப்பிள்ளை என்று பெயர். சின்ன மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை, அந்த வீட்டுக்குள் நுழைந்தது சில வருடங்கள் கழித்துத்தான். ஆனால் பெரிய, சின்ன எல்லாம் பேச்சோடு சரி. செல்போன் கடையில் விற்பனையாளனாக இருந்த சகலை வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். பார்சல் ஆபீஸில் பில் போடும் பெரிய மாப்பிள்ளை வாயைத் திறந்தால், "தண்ணி வேணுமா?" என்று மாமியார் எழுந்துகொள்வாள்.

அரசுப் பணித் தேர்வு எழுதும் எண்ணம் முதலில் அவனுக்குத்தான் வந்தது. வயது வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தான். இதை விட்டால் அடுத்தது கிடையாது. வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் புத்தகங்களைப் பரப்பிவிடுவான். அதைப் பார்த்துவிட்டுத்தான் சகலை, "நானும் சும்மா எழுதிப் பாக்கறேண்ணா" என்று ஒட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவான். இவன் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பான். சகலை பாதியில் கன்னத்தில் கைவைத்தபடியே தூங்கிப்போவான்.

முடிவு வந்தபோது சகலை தேர்வாகியிருந்தான். கடைசி இடங்களில் ஒன்றுதான், இருந்தாலும் இடம் இடம்தானே. பெரிய மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு மதிப்பெண்ணில் கை நழுவிப்போயிருந்தது.

அன்றைக்கு மாமனார் வீட்டில் சகலையை நடுவில் உட்காரவைத்துக் கொண்டாடினார்கள். ஓய்வுபெற்ற தபால் ஊழியரான மாமனார், வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "நம்ம சின்ன மாப்பிள்ளை இனிமே கவர்மென்ட்" என்றார். கேள்வித்தாளை எடுத்துவைத்துக்கொண்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். 'கீழ்க்கண்டவற்றுள் பூச்சி அல்லாதது எது? எறும்பு, சிலந்தி, வண்டு, பூரான்.' சகலையின் மனைவியான மச்சினி அதைப் படித்ததும் சகலை கையெடுத்துக் கும்பிட்டான்.

"எனக்கு எங்க தெரியும்? வீட்டுல ஒட்டடை அடிக்கறது நான்தானே. அந்தக் கடுப்புல சிலந்தியைக் குத்திட்டு வந்துட்டேன்."

வீடே உருண்டு உருண்டு சிரித்தது. பெரிய மாப்பிள்ளையும் சிரித்தான். கன்னம் வலித்தது. அவன் அந்தக் கேள்விக்குப் பூரான் என்று குறித்திருந்தான். நூறு கால் வைத்துக்கொண்டு ஊர்கிறது எப்படிப் பூச்சியாகும் என்று பரீட்சை அறையிலேயே நின்று நிதானித்து யோசித்துக் குறித்த விடை. தேர்வாணையத்தின் விடைக்குறிப்பில் சிலந்தி மட்டும்தான் சரி. ஆட்சேபம் எழுதிப் போட்டவர்களுக்கு, நிபுணர்கள் பார்த்தாகிவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது. மனைவி, "தங்கச்சி முகத்தைப் பாத்தீங்களா, என்ன ஒரு வெளிச்சம்!" என்றாள். அதுவும் சேர்ந்து எரிந்தது.

அவனைப்போலப் பூரானைக் குறித்து ஏமாந்தவர்கள் சிலர் சேர்ந்து வழக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டு வக்கீலைப் பார்க்கப் போனான். சுறுசுறுப்பான அம்மாள். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ரெண்டுமே பூச்சி இல்ல. ஒரு கேள்விக்கு ரெண்டு சரியான விடை. நல்ல கேஸ்" என்றாள். உண்மையிலேயே நல்ல கேஸ்தான். ஆனால் கையெழுத்துப் போடும்போது அவன் கண்ணுக்குள் நின்றது நியாயம் இல்லை. நடுவில் உட்கார்ந்து சிரித்த சகலையின் முகம்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. மனைவியிடமும்.

சகலை கடை வேலையை ராஜினாமா செய்துவிட்டு, புதுச் சட்டைகள் தைத்துக்கொண்டு, பணி ஆணைக்காகக் காத்திருந்த நேரத்தில் நீதிமன்றம் நியமனங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாமனார் வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

"எவன் வயித்தெரிச்சலோ!" என்று மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டாள். "தானும் படுக்கமாட்டான், அடுத்தவனையும் படுக்கவிடமாட்டான்."

"இவனுங்களுக்கு வேற பொழப்பே கிடையாது அத்தை" என்றான் பெரிய மாப்பிள்ளை. நாக்கு கூசவில்லை. அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் சகலையின் தோளில் கைபோட்டு உட்கார்ந்து, கேஸ் போட்டவர்களைக் கரித்துக்கொட்டினான். சகலை தலையைக் குனிந்துகொண்டு கேட்பான். அப்படி அவன் தலை குனிந்திருப்பதைப் பார்க்கையில் பெரிய மாப்பிள்ளைக்கு உள்ளே ஜில்லென்று இருக்கும். அதுதான் பிறகு அவனை ரொம்ப நாள் அரித்தது.

தேர்வானவர்கள் தங்கள் தரப்பையும் கேட்கவேண்டும் என்று வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். விசாரணையன்று சகலை வாசலில் வந்து நின்றான்.

"எனக்குக் கோர்ட்டுன்னாலே கை காலெல்லாம் உதறுதுண்ணா. நீங்க கூட வந்தா தெம்பா இருக்கும்."

பெரிய மாப்பிள்ளை ஆபீஸ், லீவு என்று ஏதேதோ முனகிப் பார்த்தான். "கூடப் போயிட்டு வாங்களேன், பாவம்" என்று மனைவி முதுகில் கைவைத்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

நீதிமன்றத்தின் நீண்ட வராந்தாவில் பெஞ்சுக்குப் பெஞ்சு ஆட்கள். சகலைக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக ஒண்டி உட்கார்ந்திருந்தான். கறுப்பு அங்கி படபடக்க வந்த வக்கீலம்மாள் இவனைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்க என்ன இங்க உக்காந்திருக்கீங்க? இவங்கல்லாம் எதிர்த்தரப்பு. நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் இருக்காங்க, வாங்க."

சகலை இவனைத் திரும்பிப் பார்த்தான். முதலில் சிரிக்கத்தான் பார்த்தான். ஏதோ வேடிக்கை என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோனது.

"நீங்களாண்ணா?"

பெரிய மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேஸ் போட்டது உங்க உரிமை. நானா இருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ." சகலையின் குரல் உடைந்தது. "ஆனா என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு எவன்டா அவன் எவன்டா அவன்னு திட்டினீங்களே. அதை எப்படிண்ணா..."

முடிக்காமல் எழுந்து வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டான்.

தீர்ப்பு பூரானுக்குச் சாதகமாக வந்தது. இரண்டு விடைக்கும் மதிப்பெண் தரவேண்டும், பட்டியலைத் திருத்தவேண்டும் என்றார்கள். பூரானைக் குறித்தவர்கள் மேலே ஏறினார்கள். கடைசி வரிசையில் தொற்றிக்கொண்டிருந்த சகலையின் மதிப்பெண் குறையவில்லை, இடம்தான் போய்விட்டது. பெரிய மாப்பிள்ளை பத்திரப் பதிவு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தான்.

மேசை, நாற்காலி, மேலே சுற்றும் மின்விசிறி, "சார்" என்று கூப்பிட வெளியே ஆட்கள். எல்லாம் கிடைத்தது. மாமனார் வீட்டில் மட்டும் யாரும் அவனை நடுவில் உட்காரவைக்கவில்லை. "சேந்துட்டீங்களா? சந்தோஷம்" என்றார் மாமனார், செய்தித்தாளை மடிக்காமலே. மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மச்சினி, அவனைக் கண்டால் அடுத்த அறைக்குப் போனாள். சகலைக்கோ ராஜ மரியாதை. பழைய கடையில் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி சேர்ந்திருந்தவனுக்கு மாமியார் தட்டில் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். மாமனார் அவன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரிய மாப்பிள்ளைக்கு மறுபடியும் எரிய ஆரம்பித்தது. வேலை கிடைத்தும் எரிகிறதே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மனைவியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே ஒருமுறைதான் சொன்னாள்.

"உங்க பதில் சரிதான். நீங்க ஜெயிச்சதும் சரிதான். என் தங்கச்சி அழுதப்ப நீங்களும் அவளைத் தேத்தினீங்களே, அதுதான் எனக்கு ஆறல."

அடுத்த தேர்வு அறிவிப்பு வந்தது. சகலைக்கு வயது இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய மாப்பிள்ளை கடையிலிருந்து மளிகைப் பையோடு திரும்பியபோது, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சகலை உட்கார்ந்திருந்தான். எதிரே பெரிய மாப்பிள்ளையின் மனைவி புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். சகலை என்னவோ சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. பெரிய மாப்பிள்ளையிடம் பேசும்போது ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அவனைப் பார்த்ததும் இரண்டு பேரும் அடங்கினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விடலாமா என்று பார்த்தான். பிறகு மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"தம்பி" என்றான். "கேஸ் போட்டதுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன். என் மார்க்கைத்தான் கேட்டேன். ஆனா உன் பக்கத்துல உக்காந்து நடிச்சேன் பாரு... நீ தலை குனிஞ்சு இருந்தப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கு மன்னிச்சிடு."

மனைவி புத்தகத்தை மூடினாள். சகலை கையிலிருந்த பேனாவை மூடி மேசையில் வைத்தான்.

"எனக்கு மன்னிக்க உடனே மனசு வரலண்ணா" என்றான். "வரும்போது சொல்றேன்."

"சரி."

"கணக்குல நாலஞ்சு சந்தேகம் இருக்கு. அண்ணிக்குத் தெரியலயாம். நின்னுக்கிட்டே இருக்காம உக்காருங்க."

பெரிய மாப்பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். போகிற வழியில் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு போனாள்.