எடை போடாத கோள்

திரையில் ஓடிய ஒளிக்கோட்டில் எழுந்த அந்த மேட்டைக் கலைச்செல்வி காலையிலேயே பார்த்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் பகல் என்றால் சிலியில் இரவு. அங்கிருக்கும் தொலைநோக்கி அனுப்பும் அளவுகளை இங்கே உட்கார்ந்து பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

விஷயம் இதுதான். எட்டாத தூரத்தில் ஒரு நட்சத்திரம். அதன் முன்னால் இன்னொன்று குறுக்கே போகிறது. முன்னால் போவதன் ஈர்ப்பு பின்னதன் ஒளியை வளைத்துக் குவிப்பதால், பின்னது சில வாரம் பிரகாசித்து மங்கும். அந்த ஒளியின் அளவை வரைந்த கோடு மங்கி இறங்கும்போது அதில் ஒரு குட்டி மேடு எழுந்தால், குறுக்கே போகிற நட்சத்திரத்துக்கு ஒரு கோள் இருக்கிறது. மேடு ஏறி இறங்குவதை முழுசாகப் பார்த்தால் கோளை எடை போடலாம். பாதி பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாது, இரண்டாம் தடவை அது வரவும் வராது.

அவளுடைய முனைவர் பட்டத்துக்கு மிச்சம் இருந்தது அந்த மேடு ஒன்றுதான். உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. தம்பானூர் ஓட்டலில் பரோட்டா போடும் அவள் அப்பா லிங்கராஜ், மகளுக்குப் பட்டம் வந்தாயிற்று என்றே தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பிற்பகலில் சிலியில் விடிந்துவிடும். பிறகு, அப்போது இரவாக இருக்கும் நியூசிலாந்தின் வானியலாளர்கள்தான் பார்க்க வேண்டும், அதற்கு அவர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். அவளுடைய ஆய்வுக் குழுவில் எந்த அறிவிப்பும் வழிகாட்டி வெங்கிடேஷின் மின்னஞ்சல் கணக்கிலிருந்துதான் போகும். மீறி அனுப்பிய மாணவன் ஒருவனின் மேசை மறுநாளே காலியானதை அவள் பார்த்திருக்கிறாள்.

"சார், இப்பமே சொன்னாத்தான் அவங்க பாப்பாங்க. விட்டா போயிரும்."

"பறக்காதே, கேட்டியோ. ஊரைக் கூட்டிப் பந்தி வச்சா நம்ம இலையில என்ன மிஞ்சும்? கட்டுரையில நூறு பேர் பேர் போடணும். நாளைக்குச் சிலியிலேயே மிச்சத்தைப் பாத்துக்கலாம்."

"நாளை வரை மேடு நிக்காது சார்."

"நோக்குத் தெரியுமா, நேக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டு அவர் கரமனை வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். உண்ட மயக்கத்தில் போனை அணைத்துவிட்டுத் தூங்குவது அவர் வழக்கம். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். சிலியில் விடிந்தது, கோடு மேட்டின் உச்சியில் அப்படியே நின்றது. மறுநாள் பார்த்தபோது மேடு இருந்த இடம் தெரியவில்லை.

பட்டத்துக்கான மதிப்பாய்வுக் கூட்டத்துக்கு முன்பு வெங்கிடேஷ் அவளை அறைக்குக் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"எதனால அறிவிப்பு போகலைன்னு கேப்பா. என்கிட்ட சொல்ல நீ மறந்துட்டதாச் சொல்லிடு. குழந்தை தப்புப் பண்ணினா யாரும் தூக்குல போட மாட்டா. இருக்கிறதை வச்சு நான் ஒப்பேத்திக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

புலியிடம் பசுவைக் காவல் வைத்த கதைதான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாமல் அவளுக்கு வழி கிடையாது.

கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த பரிசோதகர் ரெம்யா வரைகோட்டைப் பார்த்துக் கண் விரித்தார். இவ்வளவு நல்ல மேட்டை யார் நழுவ விட்டது என்று மலையாளத்தில் கேட்டார்.

"நான்தான் மேடம். மறந்துட்டேன்."

ரெம்யா பேனாவை மூடினார். தப்பு யாருக்கும் நேரும். ஆனால் இந்தத் துறையில் அறிவிப்பை மறக்கிறவர் கையில் பட்டம் கொடுக்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். குழுவில் மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

கலைச்செல்வி வெங்கிடேஷைப் பார்த்தாள். இப்போதாவது வாய் திறப்பார் என்று நம்பினாள். அவர் திறந்தார்.

"நான் எத்தனையோ சொல்லிப் பாத்தேன். பாவம், அவளைச் சொல்லிக் குத்தமில்லை. ஆத்துல படிச்சவா யாரும் கிடையாது, அப்பா ஓட்டல்ல பரோட்டா போடறார். பொறுப்புன்னா என்னன்னு யார் சொல்லிக் கொடுத்திருக்கப் போறா?"

எல்லோரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். அப்படித்தானே அம்மா என்று வெங்கிடேஷ் கேட்டார். கலைச்செல்வி அதற்கும் தலையாட்டினாள்.