கண்ணை உறுத்தாத நிறம்

கடையில் எல்லோருக்கும் அவள் கலரக்கா. பெயிண்ட் கலக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக நிற்கிறவள். நீங்களும் நானும் வெள்ளை என்று ஒன்றைச் சொன்னால், அவள் அதில் பதினாறு வெள்ளை காட்டுவாள். அப்படிப்பட்டவளைத்தான், நிறம் பார்க்கத் தெரியாதவள் என்று நாலு பேர் முன்னால் சொல்லித் தள்ளி வைத்தான் அவள் புருஷன்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன் தானே என்ற மிதப்பு அவனுக்கு எப்போதும் உண்டு. பிரிவதற்கு அவன் சொன்ன காரணங்களில் முதலாவது, ஹால் சுவர்.

அந்த ஹால் பத்தடிக்குப் பத்தடி. ஒரே ஜன்னல். தெருவுக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு நேராக, ஒரு பெரிய கட்டடத்தின் செங்கல் சுவர். பகலெல்லாம் அது பாட்டுக்கு இருக்கும். நாலு மணிக்கு மேற்கு வெயில் அதன்மேல் விழுந்ததும் சிவப்பை அப்படியே ஹாலுக்குள் தள்ளிவிடும். அதை அடக்கத்தான் அவள் பச்சை கலந்த சாம்பல் நிறம் பூசியிருந்தாள். சாயங்கால நேரத்தில் அந்தச் சுவர் சாம்பலாக, அமைதியாக, கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் அவன் அதை எங்கே கண்டான்? தினமும் ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் அதைப் பச்சையாகத்தான் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உள்ளறையில் குறட்டை.

"பாசி பிடிச்ச தண்ணித் தொட்டிக்குள்ள குடித்தனம் பண்றேன். ரசனை இல்லாதவளோட எப்படி வாழறது?" என்று, இரு வீட்டாரும் கூடிப் பேசிய அன்றைக்கு அவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய சொந்த அண்ணனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மற்றதையெல்லாம் அவள் மன்னித்திருப்பாள், அந்தச் சிரிப்பை மட்டும் மன்னிக்கவில்லை. அதே போல் ஒருநாள் நாலு பேர் முன்னால் அவன் குறுகி நிற்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாலு வருஷம் போனது. ஒரு காலை, இளம்பெண் ஒருத்தி கடைக்கு வந்து போனை நீட்டினாள்.

"அக்கா, சின்ன ஹால். கண்ணை உறுத்தாத கலரா வேணும். சோபா கிரீம், திரை கோதுமை நிறம், தரைவிரிப்பு சணல் கலர். சுவருக்கு என்ன போடலாம்?"

கலரக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜன்னலின் மூன்றாவது கம்பி வளைந்திருந்தது. அலமாரியை நகர்த்தும்போது அவளே இடித்து வளைத்த கம்பி.

இவளா புதுப் பெண்டாட்டி!

அந்தப் பெண் அதற்குள் நிற அட்டையில் ஒரு பிஸ்கட் நிறத்தின்மேல் விரலை வைத்துவிட்டாள். "இது நல்லாருக்குல்ல?"

அந்த பிஸ்கட்டில் ஒரு சிட்டிகை சிவப்பு உண்டு. கடை விளக்கில் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த ஹாலில், நாலு மணிக்கு, குருடனுக்கும் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கலரக்கா சொல்லவில்லை.

"அருமையான செலக்‌ஷன்மா" என்றாள். வாய் கொஞ்சம்கூடக் கூசவில்லை. கலக்கிய டின்னைக் கடை திருப்பி எடுக்காது என்பதால், நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண் போட்டுவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் கலரக்காவுக்கு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். முகம் வாடிக்கிடந்தது.

"நாலு மணியானா ஹால் முழுக்க ஈறு கலராயிடுது அக்கா. சோபாகூட சிவந்துபோகுது. ஞாயித்துக்கிழமை அவரோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் டீக்கு வந்திருந்தாங்க. அவங்க முன்னாடியே சொல்றாரு, ரசனை இல்லாதவளோட எப்படி வாழறதுன்னு."

ஓர் எழுத்து மாறவில்லை. நாலு வருஷமாக யாருக்கென்று கத்தியைத் தீட்டி வைத்தாளோ, அவனை விட்டுவிட்டு இந்தப் பெண்ணின் தலையில் போய் விழுந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் பொங்கியது. இரண்டாவது பெண்டாட்டியைத் திட்ட ஒரு புது வாக்கியம் யோசிக்கக்கூட வக்கில்லாத சோம்பேறி!

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தான் யார், அந்தக் கம்பி எப்படி வளைந்தது, எதிர்ச்சுவர் என்ன செய்யும், எல்லாம்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சேதான்மா."

அந்தப் பெண் விடுவிடுவென்று வாசல் வரை போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

"உங்கமேல எனக்குக் கோபம் போகலை. அது தனியா இருக்கட்டும். சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வரேன். இந்தத் தடவை அவரே எடுக்கட்டும்."

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். கலரக்கா இன்னும் அங்கேயே நிற்பதைக் கண்டு அவன் ஒரு கணம் தடுமாறி, உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"வாங்க சார்" என்றாள் அவள். பச்சை கலந்த சாம்பல் அட்டையை அவன் முன்னால் வைத்தாள். "உங்க ஹாலுக்கு இதுதான் சரி. எதிர்ச்சுவரோட சிவப்பை இது அடக்கிடும்."

அத்தனையும் சத்தியமான பேச்சு. ஆனால் ஆறு வருஷம் அவனோடு குப்பை கொட்டியவள் அல்லவா? தான் கிழக்கே காட்டினால் அவன் மேற்கேதான் போவான் என்று அவளுக்குத் தெரியாதா?

"அவங்க சொல்றதைக் கேக்கலாமேங்க" என்றாள் இளையவள், எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவது போல.

"நீ சும்மா இரு." அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "அந்தப் பாசி இன்னும் இவளை விடலை பாருங்க!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அட்டை முழுவதையும் புரட்டி, ஒரு முத்து வெள்ளையில் விரலை ஊன்றினான். பிஸ்கட்டைவிட இரண்டு மடங்கு சிவப்பு ஒளிந்திருந்த வெள்ளை. "இதுக்குப் பேருதான் ரசனை."

"யோசிச்சுக்குங்க சார். கலக்கினா திருப்பி எடுக்க மாட்டோம்."

பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டான். சுவர் காய்ந்ததும் பழைய நண்பர்களையே மறுபடி டீக்கு அழைத்தான். நானே பொறுக்கிய நிறம் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தான். ஞாயிறு நாலு மணிக்கு வந்தவர்கள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். சுவரெல்லாம் ஈறு, பல் டாக்டர் வீடு மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இளையவள் போனில் சொல்லச் சொல்ல, கலரக்கா இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவன் தனியாக வந்தான். மேசையோரம் குனிந்து முணுமுணுத்தான்.

"அந்தச் சாம்பல் கலரைக் குடு."

"எது சார்?"

"அதான்... நீ சொன்னது."

"காதுல விழலை சார். மெஷின் சத்தம்."

மெஷின் ஓடவே இல்லை. அவனும் அதைப் பார்த்தான். இருந்தும் சத்தமாகவே சொன்னான். "நீ சொன்னதுதான் சரி. அதையே குடு!" டின் வாங்க நின்ற இரண்டு பெயிண்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கழுத்து வரை சிவந்துபோனது.

கலரக்காவுக்கு வயிறு நிறைந்தது. இதோடு விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை.

"வீட்டுல இருக்கறவங்க சொல்லாம கலக்க மாட்டேன் சார்" என்று போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். "அம்மா, உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு. அன்னைக்கு நான் சொன்ன கலரே வேணுமாம். கலக்கட்டுமா?"



"வேண்டாங்க்கா" என்றது இளையவளின் குரல், நிதானமாக. "அவரு ஆசையா எடுத்தது, அதுவே இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமையும் அவரோட ஃப்ரெண்ட்ஸை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை குடும்பத்தோட."

கலரக்கா போனை எடுத்து வைத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.