கீழே இழுத்த நாட்கள்

எட்டாம் வகுப்புக்கு எக்செல் சொல்லித்தர, தினமும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரத்துக்குப் பதியச் சொன்னேன். ஒவ்வொரு நாளையும் கூட்டினால் இருபத்துநான்கு வரவேண்டும். அம்சவல்லி மட்டும் இன்னும் வராத நாட்களையும் ஏப்ரல் வரை நிரப்பியிருந்தாள்.

"ஜோசியக்காரியாடி நீ?" என்று பக்கத்திலிருந்த ஃபர்சானா சிரித்தாள்.

"மாறாதுங்க டீச்சர். ஒரு நாள டைப் அடிச்சிட்டு, மவுஸால அதையே கீழ வரைக்கும் இழுத்துட்டேன்" என்றாள் அம்சவல்லி.

வரும் திங்கள் முதல் உப்பளம் பத்து மணி நேரம், வீட்டு வேலை ஏழு, தூக்கம் ஏழு. பள்ளிக்கூடம் பூஜ்யம்.

"அம்மாவுக்குக் கால் பூரா உப்புப் புண்ணு. பாத்தியில எறங்க முடியல. இனிமே நாந்தான் போறேன். சரியா இருக்குதா டீச்சர்?"

என் கண் பழக்கத்தில் கூட்டுத்தொகைக்குப் போனது. இருபத்துநான்கு.

"சரி" என்று சொல்லிவிட்டேன்.