ஒரே மூட்டை, ஒரே சூடு

மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைத்துத் தைத்து ரோசம்மாவுக்கு இரண்டு தோளும் இறுகிப்போயின. தாராவி தோல் கிடங்கிலிருந்து திரும்பிய மிக்கேல்ராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்தான். தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மனைவியின் இரண்டு தோளுக்கும் ஒத்தடம் கொடுத்தான். அந்தச் சுகத்தில் அவள் அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் வலது தோள் லேசாகிவிட்டிருந்தது. இடது தோளோ கழுத்தோரம் வரை சிவந்து, கொப்புளம் கட்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்ததும் அவள் கழுத்தைத் தடவித் தடவிக் கட்டி தட்டுப்படுகிறதா என்று தேடினாள். போன வருஷம் கழுத்துப் புற்றுக்கட்டிக்கு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்த அதே பக்கம்.

"ஒத்தடம் சுட்டிருக்குமோ?" என்றான் மிக்கேல்ராஜ்.

"சுட்டா ரெண்டு தோளும்லா சுடணும்? ஒரே மூட்டை, ஒரே சூடு. நோய்தான் திரும்பிட்டுங்க."

அவன் வேலைக்குப் போகவில்லை. பரேல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

மாட்டுங்காத் தமிழச்சியான டாக்டர் பாகீரதி, கழுத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"கட்டி கிட்டி ஒண்ணும் இல்லை. இது சூடு பட்ட புண்."

"நான் கன்னத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன், டாக்டரம்மா."

"உங்க கன்னத்துக்கு யாராவது கரண்டு வச்சாளா?"

மிக்கேல்ராஜ் தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"கரண்டு பட்ட இடம் வெளியில ஆறினாப்பல இருக்கும். உள்ள ரத்தக் குழாயெல்லாம் சுருங்கியிருக்கும். ரத்தம் நன்னா ஓடினாத்தான் சூடு இறங்கும். மத்த இடம் தாங்கற சூட்டை இது தாங்காது, வருஷமானாலும் அப்படித்தான். களிம்பு தரேன், புண் ஆறிடும். இனிமே அங்க ஒத்தடம் வேண்டாம். கையை மேல தூக்கித் தூக்கிப் பழகுங்கோ, இறுக்கம் விட்டுடும்."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. ரோசம்மா உட்காராமல், இடது கையை மெல்ல உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்தாள்.

"உக்காரேன் ரோசம்மா."

"நீங்க உக்காருங்க. நேத்து கன்னத்துல சூடு பட்ட ஆளு."

"விட்டா சயான்ல இறங்குற வரைக்கும் இதையே சொல்லிச் சிரிப்ப போலிருக்கே."

"வீடு வரைக்கும்" என்றாள் அவள்.