நூற்று நாற்பது காட்டினால்

லாரிகளை நிறுக்கும் எடை மேடையின் நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டு என் மனைவி நின்றாள். நான், அவள் லாரிகளுக்கு எடைச்சீட்டு அடிக்கும் அறைக்குள் போய், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் எண் நிலைக்கக் காத்திருந்தேன். நான் மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் இதுதான் வழக்கம். வெளியே இருந்த பெரிய எண்பலகை எரிந்துபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. உள்ளேயிருந்து யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

காத்திருந்த மணல் லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"என்னக்கா, லோடோட நிக்கிறீங்களா, காலியாவா?"

"காலியாத்தான்யா. இன்னும் சாப்பிடல."

அவர் சிரித்ததில் லாரியின் கதவே அதிர்ந்தது. அவளும் சிரித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். முப்பது டன் ஏறும் இடத்தில் ஒரு மனுஷியின் ஐந்து கிலோ, பத்து கிலோ அதற்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவள் நூற்று அறுபத்து நான்கு. இங்கே நூற்று அறுபது. என்னை ஒருமுறை ஏற்றிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு கிலோ ஆளான நான் அதன் கண்ணுக்கு அறுபது.

மூன்று படி ஏறி அறைக்குள் போவதற்குள் மூச்சு வாங்குகிறதென்றுதான் டாக்டரிடம் போனோம். அவர் ஒளிவுமறைவில்லாத மனிதர்.

"வயித்துல முக்கால்வாசியை எடுத்துடுவோம். அதுக்கு முன்னாடி நூத்தி அம்பதுக்குக் கீழ இறங்கிட்டு வாங்க. ஆபத்தே இல்லையான்னா, இருக்கு. சும்மா இருக்கறதும் ஆபத்துதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்மா."

"இருபத்திரண்டு வருஷமா இதே பாட்டு. கர்ட்டன் வாங்கினாலும் உன் இஷ்டம், வயித்தை வெட்டினாலும் உன் இஷ்டம்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. அடுத்தவர் எழுதியதில் குறி போடுவேன். நானாக ஒரு வரி சொல்ல எனக்கு வருவதில்லை. வெட்டு என்ற சொல்லே எனக்குப் பயம் என்பதையாவது அன்று சொல்லியிருக்கலாம்.

அவளுடைய அக்கா வேறு போனில், "வாயைக் கட்ட முடியாதவ வயித்தை வெட்டிக்கப் போறாளாக்கும்" என்றாள். அன்று சாயங்காலம் என் மனைவி முடிவு செய்தாள்.

"இனி உங்களையும் கேக்கல, அக்காவையும் கேக்கல. என் மேடை நூத்தி நாப்பது காட்டினா பண்ணிக்கறேன். காட்டலைன்னா விட்டுடலாம்."

நூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் அது நூற்று நாற்பதுக்குத் தாவும். அதுவரை எவ்வளவு குறைந்தாலும் ஒரே எண். இரண்டு மாதம் வேகவைத்த காய்கறியும் முட்டையுமாக இருந்தாள். மோதிரம் நழுவியது, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். மேடையோ நூற்று அறுபதிலேயே நின்றது.

"குறைஞ்சதெல்லாம் எங்கதான் போகுது?" என்பாள்.

"ஆஸ்பத்திரி மெஷின்ல ஒருதடவை பாத்துடலாமே."

"அந்த நர்ஸ் ஏலம் விடற மாதிரி கத்துவா. நான் வரல."

லாரிக்காரர் கேலி செய்து சிரித்த அன்று, நான் திரையைப் பார்த்தபோது நூற்று நாற்பது.

வெளியே அவள் கண்ணைத் திறக்கவில்லை. மணல் லாரியின் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. எண் நூற்று அறுபதுக்குப் போனது. மறுபடி நூற்று நாற்பது. ஆட்டத்தில் இருக்கும் எண்ணுக்குச் சீட்டு அடிக்கக்கூடாது என்பது அவள் எனக்குச் சொல்லித்தந்த விதி. அது நின்றதா, ஆடிக்கொண்டுதான் இருந்ததா? எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். டாக்டர் சொன்ன முக்கால்வாசிதான் அப்போது என் தலைக்குள் இருந்தது.

"என்னங்க, எவ்வளவு?"

"அதேதான்" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். படியேறி வந்து, மூச்சு அடங்கும்வரை கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"முட்டை எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணை நீங்க சாப்பிடுங்க. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

நாளைக்கு மறுபடி நிற்கச் சொல்லலாம், அப்போதும் நாற்பது என்றால் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே முட்டையைத் தின்றேன். ராத்திரி சொல்ல வாயெடுத்தேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு மணல் லாரிக்காரர் போன் செய்தார். காலி வண்டியாக எடை போட்டுவிட்டுப் போனவர், லோடு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். ஹாரன் அடித்தும் அவள் நிமிரவில்லை.

"சார், அக்கா எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க சார்."

மாரடைப்பு என்றார்கள். அந்த டாக்டரைத் தேடிப்போய், ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க." ஃபைலைப் புரட்டினார். "கடைசியா எடை எவ்வளவு இருந்தாங்க?"

"நூத்தி நாப்பது."

அவர் நிமிர்ந்தார். "அப்புறம் ஏன் வரல?"

என்னிடம் பதில் இருந்தது. வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய மூக்குக் கண்ணாடியையும் நாற்காலித் திண்டையும் எடுத்துவரப் போனேன். அறையில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். மணல் லாரிக்காரர் என்னைக் கண்டு இறங்கி வந்து, என் பெல்ட்டில் புதிதாகக் குத்தியிருந்த ஓட்டையைப் பார்த்தார்.

"பாதி ஆளாயிட்டீங்களே சார். ஏறி நில்லுங்க, பாத்துடுவோம்."

வேண்டாம் என்று சொல்லவும் தெம்பில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மேடையின் நடுவில் போய் நின்றேன்.

அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"அறுபது."