ஒரு வரிசை அதிகம்

நான் வைக்கோல் லோடு அடுக்குனா அது லோடு இல்லை, சுவரு. பெருமைக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்க. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு? அன்னைக்கு நேர்ல பார்த்த மாமாவும் அண்ணனும் நல்லாத்தான் இருக்காங்க, போய்க் கேட்டுக்கோங்க.

அப்போ எனக்குப் பத்தொன்பது வயசு. அண்ணன் என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். அம்மாவோட தம்பி, எங்க மாமா, ஒரு மாட்டுப் பண்ணையில டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்தாரு. அவரைப் பிடிச்சு நாங்க ரெண்டு பேரும் அறுவடைக் கூலிக்கு உள்ளே நுழைஞ்சோம். மெஷின் முன்னாடி போகும். வைக்கோலை வாரி உள்ளே அமுக்கி, நீளக் கட்டாக்கி, ரெண்டு கயிறு போட்டு இறுக்கி, பின்னாடி தள்ளிக்கிட்டே போகும். நாங்க அந்தக் கட்டைத் தூக்கி டிரெய்லர்ல ஏத்தி, கொட்டகைக்குக் கொண்டுபோய் அடுக்கணும். கயிறு விரலை அறுக்கும். முழங்கை பூரா கீறல். சாயங்காலம் மூக்கைச் சிந்தினா மண்ணு வரும். ஆனா லோடு மேல ஏறி உட்கார்ந்து, காத்து மூஞ்சியில அடிக்க, ஊரையே கீழே பார்த்துக்கிட்டுப் போவோம் பாருங்க, அப்போ ராணியாவது ஒண்ணாவது, எனக்குக் கீழேதான் எல்லாரும்.

அந்த வருஷம் மாமாவுக்கு லாரி ஓட்டுற வேலை கிடைச்சிருச்சு. டிராக்டர் சீட்டு காலி. கூலி ஆளுங்களுக்கு அறுவடையோட வேலை முடிஞ்சுரும், டிரைவருக்கு மட்டும்தான் வருஷம் முழுக்க வேலை. எனக்கு அந்த சீட்டு வேணும். வேணும்னா சும்மா இல்லை, உயிர் போற மாதிரி வேணும். ஏன்னா அறுவடை முடிஞ்சதும் என்னைப் பெரியம்மாவோட தையல் கடையில உட்கார வைக்கிறதா அம்மா பேசி முடிச்சிட்டாங்க. அந்தக் கடையை நினைச்சாலே எனக்கு மூச்சு முட்டும். ஒரே ரூம், ஜன்னல் பக்கம் பீரோ, பகல்லயும் எரியுற டியூப்லைட்டு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம பட்டன் தைக்கணும். பெரியம்மா நல்லவங்கதான், பட்டன்தான் எனக்கு ஆகலை.

அண்ணனுக்கும் அதே சீட்டு மேல கண்ணு. பண்ணை முதலாளியம்மா, யாரா இருந்தாலும் சரி, நீயே பார்த்து முடிவு பண்ணுன்னு மாமாகிட்ட விட்டுட்டாங்க. மாமா யோசிச்சாரு. ஓட்டுறதை நான் கத்துக் கொடுத்துக்கலாம், ஆனா லோடு எப்படி உட்காருதுன்னு தெரியாதவனுக்கு வண்டியை எப்படித் திருப்பணும்னும் தெரியாது, அதனால ஆளுக்கு ஒரு லோடு தனியா அடுக்குங்க, கொட்டகைக்குள்ள போய்ச் சேர்றதுக்குள்ள யாரோட லோடுல குறைச்சலா கட்டு விழுதோ அவங்களுக்கு சீட்டுன்னாரு. சமமா வந்தா பெரியவனுக்குன்னு ஒரு வாலையும் சேர்த்து விட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பெரியவன்னா என்ன, ரெண்டு வருஷம் கூடச் சாப்பிட்டவன், அவ்வளவுதானே.

அண்ணன் முதல்ல அடுக்குனான். நல்லாத்தான் அடுக்குனான், பொய் சொல்லக் கூடாது. ஆனா வாய்க்கால் வளைவுல மாமா வேணும்னே வேகமாத் திருப்ப, ஓரத்துல இருந்த ஒரே ஒரு கட்டு நழுவித் தண்ணியில விழுந்துச்சு. எனக்குக் குதிக்கணும் போல இருந்தது. உன் லோடு சரியவே போகுது பாருடின்னு அண்ணன் பல்லைக் கடிச்சான். கணக்கு எனக்குப் புரிஞ்சிருச்சு. என் லோடுல ஒண்ணுகூட விழக் கூடாது.

அன்னைக்கு எனக்கு வந்தது கடைசி லோடு. மேற்கால மேகம் கருகருன்னு திரண்டு நிக்குது. வைக்கோல் நனைஞ்சா அவ்வளவுதான், பூசணம் பிடிச்சு, மாடு மோந்துகூடப் பார்க்காது. நான் பேய் மாதிரி வேலை பார்த்தேன். ஒரு வரிசை நீளவாக்குல, அடுத்தது குறுக்குவாக்குல, ஓரக் கட்டு ஒவ்வொண்ணும் துளி உள்பக்கம் சாய்ஞ்சு. ஒவ்வொரு அடுக்கையும் மேல ஏறி மிதிச்சு, முழங்காலால முட்டி, இடுக்குல விரல் நுழையாத அளவுக்கு இறுக்குனேன். வயல்ல இன்னும் கொஞ்சம் கட்டு கிடந்துச்சு. விட்டுட்டுப் போனா நனைஞ்சிரும். போதும் இறங்குன்னு மாமா கத்துனாரு. போதுமா? எனக்கா? கீழே நின்ன ஆளுங்களை அத்தனையையும் தூக்கிப் போடச் சொல்லி, மேல இன்னொரு வரிசை கட்டுனேன்.

வளைவுல மாமா முழு வேகத்துல திருப்புனாரு. லோடு ஒரு ஆட்டம் ஆடுச்சு, நான் கயித்தைப் பிடிச்சு வயித்தை ஒட்டிப் படுத்துக்கிட்டேன். ஒரு துரும்பு விழலை. மேல நின்னு கையை விரிச்சு நான் போட்ட கூச்சல்ல வாய்க்கால் கொக்கெல்லாம் பறந்து போச்சு. சீட்டு என்னோடதுன்னே முடிவு பண்ணிட்டேன்.

கொட்டகை வாசல்ல வண்டி டமால்னு நின்னுச்சு.

என் லோடு வாசலைவிட ஒரு வரிசை உயரம். எத்தனை தடவை அந்த வாசல்ல நுழைஞ்சிருப்பேன், அன்னைக்குப் பார்த்து உயரம் மறந்து போச்சு. அண்ணன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். மாமா சிரிக்கலை, வானத்தைப் பார்த்தாரு. மேல் வரிசையைத் தள்ளி விடு, மழை வந்துருச்சுன்னாரு. தள்ளி விட்டா விழுந்த கணக்குத்தானேன்னு கேட்டேன். ஆமா, நான் என்ன பண்ண முடியும்னாரு. என் புறங்கையில முதல் சொட்டு பட்டுச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. பட்டன் பட்டனா கண்ணு முன்னாடி ஓடுது.

நிமிர்ந்து பார்த்தா, வாசலுக்கு மேல, என் மூஞ்சிக்கு நேரா ஒரு ஜன்னல். கொட்டகைப் பரணுக்குக் காத்து போக விட்ட ஓட்டை, கதவு கிடையாது. கட்டு தாராளமா நுழையும். நேரா பரணுக்குள்ள கொடுத்துட்டா தரையில எங்கே விழுது? கேட்டேன். மாமா தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு, தரையைத் தொடாத வரைக்கும் சரின்னாரு.

ஆனா உள்ளே நின்னு வாங்க ஒரு ஆளு வேணும். பரண்ல ஓரமா ரெண்டே பலகைதான், மத்ததெல்லாம் வெறும் இடைவெளி. மத்த ஆளுங்க வயல்ல மெஷினுக்குத் தார்ப்பாய் போடப் போயிருந்தாங்க. இருந்தது அண்ணன் ஒருத்தன். அவன் ஒரு கட்டைக் கை தவற விட்டா போதும், சீட்டு அவனுக்கு. அதுவும் யாரும் குத்தம் சொல்ல முடியாது. கெஞ்ச எனக்கு வாய் வரலை. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், உள்ளே போய் ஏணியில ஏறினான்.

நான் தள்ள, அவன் இழுக்க, தள்ள, இழுக்க. மழை வலுக்குது. கடைசிக் கட்டுல ஒரு கயிறு பட்டுன்னு அறுந்துச்சு. பாதி வைக்கோல் பிதுங்கி, கட்டு அவன் கையை விட்டு வழுக்குது. அவன் அப்படியே பலகையில குப்புற விழுந்து, அதைக் குழந்தை மாதிரி ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சான். ஒரு காலு அந்தரத்துல தொங்குது. அப்படியே உள்ளே இழுத்துட்டான்.

வண்டி உள்ளே போச்சு. தகரக் கூரையில மழை கொட்டுது, மேலாப்புல கொஞ்சம் நனைஞ்சதோட சரி, உள்ளே எல்லாம் காய்ஞ்ச வைக்கோல். மாமா இறங்கி, சீட்டைத் துண்டால தட்டி, ஏறும்மான்னாரு. ஒரே தாவுல ஏறி உட்கார்ந்தேன்.

கால் எட்டலை. கிளட்ச்சுக்கும் என் செருப்புக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கு. நான் குள்ளம்னு அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட எனக்கு உறைச்சதில்லை. நுனிக்கு நகர்ந்து பார்த்தேன், தொட முடிஞ்சுது, மிதிக்க முடியலை. மாமா மூஞ்சி வாடிப் போச்சு. கிளட்ச்சு மிதிக்காம எப்படிம்மான்னு மெதுவாக் கேட்டாரு. சீட்டு துருப்பிடிச்சு நகராது, அது எல்லாருக்கும் தெரியும். நான் ஸ்டியரிங்கை விடாம பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இறங்க மாட்டேன்னு உடம்பே சொல்லுது.

மேல பரண்ல இருந்து அண்ணன் இறங்கி வந்தான், தலை பூரா வைக்கோல். அந்த அறுந்த கட்டு கையில இருந்துச்சு. மிச்சமிருந்த கயித்தையும் அறுத்தான். அமுங்கின வைக்கோலைப் பட்டை பட்டையா உருவி, ஒண்ணு மேல ஒண்ணா என் முதுகுக்குப் பின்னாடி திணிச்சான். நான் மிதிச்சு இறுக்குவேனே, அதே மாதிரி முழங்காலால முட்டி முட்டி இறுக்குனான். நான் முன்னாடி நகர்ந்துக்கிட்டே போனேன்.

"இப்போ மிதி"ன்னான்.

மிதிச்சேன். கிளட்ச்சு அடி வரைக்கும் இறங்குச்சு.